கொச்சியிலிருந்து அகத்திக்கு

2011 கணக்கெடுப்பின்படி இலட்சத்தீவு மக்களுள் 96 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். அங்குச் சென்றுவர ஆவல் கொள்ளும் நம் குடும்பத்தார் முதலில் வினவுவது, ‘எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?’ என்பதே.

கொச்சிக்கும் அகத்திக்கும் இடைத்தொலைவு 459 கிலோமீட்டர். சிறு விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். அங்குள்ள ஓடுபாதை சுமார் 1,200 மீட்டரே. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது.

ஆயினும், அந்த ஒன்றரை மணியை நம்பி மட்டும் புறப்பட்டுவிடாதீர்கள். மக்கள் வாழும் 10 தீவுகளுள் விமான நிலையம் உள்ளது அகத்தி ஒன்றில்தான். தலைநகர் கவரத்திக்குச் செல்பவரும் அங்கே இறங்கி மீண்டும் கடல் கடந்தாக வேண்டும். கொச்சியில் கப்பலேறினாலோ, தீவுக்குத் தக்கபடி 14 முதல் 18 மணி நேரம். முதியோர்க்கும் மூட்டை முடிச்சுகளுக்கும் அதுவே வசதி என்பேன்.

நமக்கு இது பயணக் கணக்கு. தீவு மக்களுக்கோ உயிர்க் கணக்கு. கடும் நோயுற்றோரை ஹெலிகாப்டரில் கொச்சிக்குக் கொணர்கின்றனர். பருவமழை சீறும் நாளில் அதற்கும் வானம் வழிவிட வேண்டும்.

பயணச் சீட்டுக்கு முன் நுழைவு அனுமதி பெறுங்கள். திரும்பும் நாளுக்கும் கொச்சியில் ரயிலேறும் நாளுக்குமிடையே ஒரு முழு நாளையேனும் ஒதுக்கி வையுங்கள்.