போய்வந்தவர் சொல்லும் வழி

சங்கப் பாட்டான மலைபடுகடாமில் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். மன்னன் நன்னனின் கொடையைப் புகழ்ந்ததோடு அவன் நிறுத்திக்கொள்வதில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறி, தினைப்புனத்துப் பரணிலிருந்து பாயும் கவண்கல், கால் வழுக்கும் இடம், பாம்பு கிடக்கும் குழி என்று ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். மொத்தப் பாட்டு 583 அடிகள். அந்த நன்னனின் செங்கண்மாதான் ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம். இந்த மலையில் பிறக்கும் செய்யாறு பாட்டில் சேயாறாக ஓடுகிறது. விமர்சனம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு அந்தக் கூத்தன் நினைவுதான் வருகிறது.

செங்கம் கணவாயைக் கடந்து மேற்கே போனால் ஊத்தங்கரை, அரூர், தருமபுரி. தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர் பிரம்மராஜன். அதற்கு முன் உதகையில். 1980களில் 'மீட்சி' இதழை நடத்தினார். 1989இல் 'உலகக் கவிதை' தொகுப்பைக் கொண்டுவந்தார். எஸ்ரா பவுண்டைப் பற்றி எழுதினார். கல்லூரி வகுப்பில் எலியட்டோடு பாடம் முடிந்துவிடும் காலத்தில், அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு கவிஞர் மலையூரில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தார், படித்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டும் இருந்தார். அவருடைய சொந்தக் கவிதைகள் இறுகிக் கிடக்கின்றன, அந்த வாசிப்பின் பாரம் தமிழை அழுத்துகிறது என்ற குறை உண்டு. சில கவிதைகளைப் பொறுத்தவரை அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த வாசிப்பு இல்லாமல் போயிருந்தால் எங்கள் தலைமுறைக்குப் பல கதவுகள் இருப்பதே தெரிந்திருக்காது. அவருக்கு முன்பே, 1968இல் சேலத்திலிருந்து வந்த 'நடை' இதழில் கவிஞர் சி.மணி இருந்தார். அவரும் ஆங்கிலப் பேராசிரியர். இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது பழக்கமான வேலைதான்.

இன்று அந்த வேலை பாதியில் நிற்கிறது. நோபல் அறிவித்த வாரத்தில் பத்துக் கவிதைகள் மொழிபெயர்க்கப்படுகின்றன. கூடவே ஒரு வாழ்க்கைக் குறிப்பு, ஒரு படம். அடுத்த வாரம் அந்தப் பெயரையே யாரும் எடுப்பதில்லை. இந்தக் கவிஞர் எங்கே சறுக்குகிறார், எந்தத் தொகுப்பில் தன்னையே நகலெடுக்கிறார் என்று தமிழில் எழுதுபவர் அரிது. வெளிநாட்டுப் பெயர் என்றால் கும்பிடு போடும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

தீர்ப்புச் சொல்லத் தயங்காதவர்களும் இருந்தார்கள். திருச்சிப் பக்கத்துத் திருப்பராய்த்துறையில் பிறந்த ஆர். பார்த்தசாரதி, 1976இல் ஆங்கிலத்தில் எழுதும் இந்தியக் கவிஞர்கள் பத்துப் பேரைத் தொகுத்தார். அந்தப் பத்தில் அவரும் ஒருவர். 1992இல் அரவிந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா பன்னிரண்டு பேரைத் தொகுத்தபோது பார்த்தசாரதிக்கு அதில் இடமில்லை. இருவருமே கவிஞர்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதைத் தம் பெயரைப் போட்டு அச்சில் சொன்னார்கள். அவர்கள் தேர்வு சரியா என்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். சண்டை போட ஒரு தீர்ப்பாவது கைக்குக் கிடைத்தது.

சென்ற சாமை அறுவடையின்போது ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூரில் ஓர் இளம் ஆசிரியர் தன் நோட்டைக் காட்டினார். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் எண்ணெய்க் கறை. இடப்பக்கம் செல்போனில் பார்த்து நகலெடுத்த ஆங்கிலக் கவிதைகள், வலப்பக்கம் பென்சிலில் தமிழ்க் குறிப்புகள். புகழ்பெற்ற ஒருவரின் கவிதைக்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: 'மழை என்ற சொல் நான்கு முறை வருகிறது. மழை பெய்யவில்லை.' மறுபடி அந்தக் கவிதையைப் படித்தோம். அவர் சொன்னது சரி. இதை ஏன் எங்கும் அனுப்பவில்லை என்று கேட்டதற்கு, "நான் யாருங்க சார் அவரைச் சொல்ல" என்றார்.

கவிதையைப் படித்தவர் அவர். சொல்வதற்கு அந்தத் தகுதி போதும்.

வாசகர்களிடம் கேட்கிறோம். இப்போது ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு கவிஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் டப்ளினில் இருக்கலாம், டொரண்டோவில் குடியேறிய ஈழத்துக் குடும்பத்தின் பிள்ளையாக இருக்கலாம், சென்னையிலேயே இருக்கலாம். அவருடைய இரண்டு தொகுப்புகளையாவது முழுக்கப் படியுங்கள். எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று காரணத்தோடு தமிழில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இதற்கென்று பன்னிரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். முதல் கட்டுரை ஜமுனாமரத்தூரிலிருந்து வந்துவிட்டது.