காட்டின் ஓய்வு ஆண்டுகள்



2023ஆம் ஆண்டு கனடாவின் வடபுறக் காடுகளில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஹெக்டேர் தீக்கிரையாயிற்று. அந்நாட்டின் பதிவுகளில் இதற்கு இணையான ஆண்டு இல்லை. ஆகஸ்டு மாதத்தில் யெல்லோநைஃப் நகரத்தார் சுமார் 20,000 பேர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. இதைக் கேட்டவுடன் "கடைசிக்கால அடையாளம்" என்று சொல்லி அமைதியடைவோர் நம்மிடையே உண்டு. கர்த்தருடைய வருகையை நானும் விசுவாசித்துக் காத்திருக்கிறேன். ஆயினும் அந்தச் சொல்லைக் கொண்டு நம் பொறுப்பைப் பற்றிய கேள்வியை மூடிவிடுவதை ஏற்க இயலவில்லை.

ஏனெனில் அந்தக் காட்டுக்கு நெருப்பு அந்நியமன்று. அங்குள்ள ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் இறுக ஒட்டியிருக்கும். தீயின் வெப்பத்தில் பிசின் உருகும்போதே அவை திறந்து விதைகளை உதிர்க்கும். கறுப்பு ஸ்ப்ரூஸ் மரமும் தன் உச்சிக் கூம்புகளில் விதைகளைச் சேர்த்துவைத்து, எரிந்தபின் கருகிய நிலத்தின்மேல் தூவுகிறது. தாவரவியலார் இதற்கு வேறு பெயர் சொல்லட்டும். நான் இதைத் தேவபராமரிப்பு என்றே சொல்வேன்.

ஆனால் அந்த விதைக் களஞ்சியம் நிறையப் பல பத்தாண்டுகள் வேண்டும். கோடைகள் நீண்டு, வெப்பமும் வறட்சியும் மிகுவதால் இரு தீக்களுக்கிடையே இருந்த இடைவெளி சுருங்குகிறது. யூகானிலும் வடமேற்குப் பிரதேசங்களிலும் 20 ஆண்டுகள் நிறையுமுன்னே மறுபடி எரிந்த இடங்கள் உண்டு. இளமரங்களில் விதை போதுமான அளவு இராததால், அங்கே ஸ்ப்ரூஸ் மிக அரிதாகவே முளைக்கிறது. நூற்றாண்டுகளாய் மண்ணில் தங்கியிருந்த கரிமமும் எரிந்து வானில் ஏறி, வெப்பத்தை மேலும் கூட்டுகிறது.

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்துக்கு ஏழாம் வருஷ ஓய்வைக் கட்டளையிடுகிறது. அடுத்த அதிகாரமோ, ஜனங்கள் அதை மறுத்தால், அவர்கள் இல்லாத நாட்களில் நிலம் தன் ஓய்வை எடுத்துக்கொள்ளும் என்று எச்சரிக்கிறது. விளைநிலத்துக்குச் சொல்லப்பட்டது காட்டுக்குப் பொருந்தாது என்று நான் எண்ணவில்லை.

அக்காட்டின் ஓய்வைப் பறித்தவர் யார்? நிலக்கரியும் பெட்ரோலியமும் எரித்துச் செழித்த நாடுகள் முதலாவது. அளவு சிறிதாயினும் நாமும். அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்துவரும் டெனே மக்களுக்கு இதில் பங்கு மிகமிகக் குறைவு. புகையோ அவர்கள் வாசலில். நம் பாவ அறிக்கை ஜெபத்தில் அயலாருக்கு விரோதமாய்ச் செய்த குற்றத்தைச் சொல்கிறோமே, அந்த அயலாருக்குள் இவர்களும் உண்டு.

ஆலயக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கும் யோசனை அடுத்த சபைக்கூட்டத்துக்கு வருகிறது. வரவுசெலவுத் தாளோடு லேவியராகமத்தின் அவ்விரு அதிகாரங்களையும் வாசித்துவிட்டு வாருங்கள்.