இல்லாத லயத்துக்கு ஒரு கடிதம்

கினிகத்தேனையில் கணனி பயிலும் மாணவர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். தாம் ‘ஸீ’ மொழியில் ஆக்கிய சிறு செய்நிரல், கட்டளையை முழுமையாகத் தட்டினால் ஒழுங்காக வேலை செய்கிறதாம். கடைசிச் சொல்லைத் தட்ட மறந்தால் ஒரு விளக்கமும் கூறாமல் அக்கணமே விழுந்துவிடுகிறதாம். காரணம் யாது என வினவுகிறார்.

கட்டளை வரியில் நாம் தட்டும் சொற்களைக் கணனி ஒரு பட்டியலாக்கிச் செய்நிரலிடம் கொடுக்கிறது. தோட்டத்துச் செக்ரோலை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் வரியிலே செய்நிரலின் சொந்தப் பெயர். அதன்கீழ் ஏனைய சொற்கள். ஆனால் அங்கே சொற்கள் நேராக இரா. ஒவ்வொரு சொல்லும் எவ்விடத்தில் உளது என்னும் விலாசமே இருக்கும். அதனைச் சுட்டி என்பர். பட்டியல் முடிந்தமைக்கு அடையாளமாக, எவ்விடத்தையும் சுட்டாத வெற்றுச் சுட்டி ஒன்று ஈற்றில் வைக்கப்படும். கோப்பின் பெயர் அடுத்து வருமென நம்பும் செய்நிரல், அவ்வெற்றுச் சுட்டியையும் விலாசமென்றே எண்ணிப் புறப்படுகிறது. இல்லாத லயத்துக்குக் கடிதம் கொண்டு செல்லும் தப்பால்காரர் நிலைதான்! இயங்குதளம் அதனை வழியிலேயே நிறுத்திவிடுகிறது.

அடுத்த சொல்லை எடுக்குமுன், அது உண்டா என்று எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல், ‘கோப்பின் பெயர் தரப்படவில்லை’ என்று அறிவித்துவிட்டு, பிழையைக் குறிக்கும் எண்ணுடன் வெளியேற வேண்டும். இரண்டு மூன்று வரி வேலை. சிலர் பேசாமல் தாமே ஒரு பெயரை இட்டு நிரப்புவர். அது நமக்கு உடன்பாடன்று. தட்டியவர் நினையாத கோப்பின்மேல் எழுதிவிடக் கூடுமல்லவா?

1965இல் அல்கோல் டபிள்யூ என்னும் கணனி மொழியில் இந்த வெற்றுச் சுட்டுகையை அமைத்தவர் டொனி ஹோர். அவர் 1934இல் நமது கொழும்பிற் பிறந்தவர். தாயார் தேயிலைத் தோட்டத்துரை ஒருவரின் மகள். ஆக்குவதற்கு அத்துணை எளிதாயிருந்தமையால் ஆசையை அடக்க இயலவில்லை என்றும், அது தமது நூறு கோடி டொலர்த் தவறு என்றும் 2009இல் லண்டன் மாநாடொன்றில் அவரே கூறினார்.

விழுந்துவிடும் செய்நிரலையாவது நம்பலாம். விழாமல் நடந்துகொண்டே போவதுதான் அச்சந் தருவது. லினக்ஸ் கணனிகளில் ‘பிகேஎக்ஸெக்’ என்றொரு செய்நிரல் உண்டு. தகுதி பார்த்துச் சாதாரணப் பயனருக்கு நிர்வாகியின் அதிகாரத்தை வழங்குவது அதன் தொழில். பட்டியலின் முதல் வரி எப்போதும் இருக்குமென நம்பி, அது இரண்டாம் வரியிலிருந்தே படிக்கத் தொடங்கிற்று. முற்றிலும் வெறுமையான பட்டியலை ஒருவர் கொடுத்தால்? முதல் வரியிலேயே வெற்றுச் சுட்டி நின்றுவிடும். இரண்டாம் வரியென்று அது படிப்பதோ, அடுத்து வைக்கப்பட்டுள்ள சூழல் மாறிகளின் ஏடு. படித்ததோடு நில்லாமல் அவ்வேட்டில் எழுதவும் செய்தது. அவ்வழியே எவரும் கணனியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம்.

2009 முதல் இருந்த இவ்வோட்டையை 2013இல் ஒருவர் கண்டு எழுதியும், அதனால் விளையக்கூடிய கேடு அப்போது புலப்படவில்லை. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனத்தார் அதனை வெளிப்படுத்தினர். பட்டியலில் ஒன்றுமில்லையேல் உடனே வெளியேறுக என்னும் ஒரு சிறு சோதனை பிகேஎக்ஸெக்கில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டிலேயே லினக்ஸ் கருவும் மாற்றப்பட்டது. வெறும் பட்டியல் வந்தால், எழுத்தே இல்லாத ஒரு சொல்லையேனும் முதல் வரியில் அது வைத்துவிடுகிறது.