கிளாலி நீரில் உல்லாசப் படகு

கடல்நீரேரியில் சிறிய இயந்திரப் படகேறிச் சுற்றி வரலாமா என்று இளையவர்கள் கேட்டால், அச்சுவேலிப் பக்கத்து முதியவர்களுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அதற்கு நியாயம் உண்டு. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டிருந்த 1990களின் முற்பகுதியில், கிளாலியில் காத்துக்கிடந்து, இருட்டில் வள்ளத்தில் நெருக்கியடித்து அக்கரை போனவர்கள் நாம். 1993 ஜனவரி 2ஆம் திகதி அந்த நீரில் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, வன்னிக்குப் போன குடும்பங்கள் பல மூட்டை முடிச்சுகளுடன் அந்த வழியாகவே போயின.

அதற்காக அந்த நீரைப் பிள்ளைகளுக்கு மறுக்கலாமா? 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் அக்கரை போக வள்ளம் தேவையில்லை. பட்டப்பகலில், பயமின்றி ஒரு பிள்ளை அந்நீரில் உலாவி வருவது நல்லதே என்பது என் கருத்து. ஆனால் மூன்று விடயங்களில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலாவது உயிர். அன்று நெருக்கியடித்து ஏறியது வேறு வழியில்லாமல். இன்று பொழுதுபோக்குக்காக அப்படி ஏறுவது மடமை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்களும் மாண்டனர். பிள்ளைக்கு அளவான உயிர்காப்பு அங்கி இல்லையென்றால் படகில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது தொழில். இது ஆழம் குறைந்த பரவைக் கடல். வேகமாக ஓடினால் இயந்திரத்தின் விசிறி சாதாளையை அறுக்கும், சேற்றைக் கிளப்பும். அந்தச் சாதாளைக்குள்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. அறுபடும் வலையோ ஒரு வீட்டின் அன்றைய சோறு.

மூன்றாவது எமது கிணறுகள். தொண்டைமானாற்றுத் தடுப்பணையின் கதவுகள் கடல்நீரை மறித்து மழைநீரைத் தேக்குவதற்காகவே உள்ளன. படகோட வசதியாக அவற்றைத் திறக்கும்படி எவரும் கேட்கலாகாது. 2015இல் வளலாயில் காணிகள் விடுவிக்கப்பட்டன. இத்தனை ஆண்டு அலைந்து திரும்பியவரின் கிணறு உவராகிவிட்டால் வெங்காயம் ஏது, புகையிலை ஏது?

ஆகவே கடற்றொழிலாளர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் ஒன்றாக இருந்து பேசட்டும். படகு எந்தப் பக்கம் ஓடலாம், எத்தனை பேர் ஏறலாம், வரும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதை முதற்படகு இறங்குமுன் எழுதி வைக்கட்டும். இடம்பெயர்ந்து இன்னும் வாடகை வீட்டில் இருப்பவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அந்தக் கரையில் அவர்களுக்கும் காணி உண்டு.