பாட்டியின் கண்ணுயரத்தில் கேமரா

புலம்பெயர் நாடுகளில் வளரும் தமிழ் இளையோர் தங்கள் தாத்தா பாட்டியரின் நினைவுகளைக் காணொளியாகப் பதிவு செய்து வருவது பாராட்டுக்குரிய முயற்சியாகும். எனினும் அப்பதிவுகளுள் பல, சொல்லப்படும் கதைக்கு எதிராகவே அமைந்துவிடுகின்றன. பாட்டி நாற்காலியில் அமர்ந்திருப்பார். பேரன் நின்றபடியே கைபேசியை நீட்டுவான். அவர் அண்ணாந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊரில் ஒரு பெரிய குடும்பத்தையே கட்டியாண்டவர், திரையில் விசாரணைக்கு அழைத்துவரப்பட்டவர் போலத் தோன்றுவார். இது பேரனின் அன்பில் உள்ள குறையன்று; கேமரா நிற்கும் இடத்தின் விளைவு.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு 1953 ஆம் ஆண்டில் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யில் நகரத்துப் பிள்ளைகளைக் காண வரும் முதிய பெற்றோருக்கு ஒதுக்கப் பிள்ளைகளிடம் நேரமில்லை. புலம்பெயர் குடும்பங்களுக்கு இக்கதை அன்னியமானதன்று. ஓசு தம் கேமராவைத் தரைக்கு அருகில், பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வைக்கும் சற்றுத் தாழ்வாகவே வைத்தார். பார்ப்பவர் அம்முதியோரை மேலிருந்து நோக்கி இரங்குவதில்லை. அவர்களோடு ஒரே அறையில் அமர்ந்திருக்கிறார்.

தாழ்ந்த கோணம் வலிமையைக் காட்டும், உயர்ந்த கோணம் எளிமையைக் காட்டும் என்று பயிற்சி நூல்கள் ஒரு சூத்திரம் சொல்வதுண்டு. கணினி நிரல் எழுதிப் பழகியோருக்கு இத்தகைய சூத்திரங்கள் மிகவும் பிடிக்கும். ஆனால் 1941 இல் வெளியான 'சிட்டிசன் கேன்' படத்தில், தேர்தலில் தோற்று நண்பனின் மதிப்பையும் இழந்து நிற்கும் கேனை ஆர்சன் வெல்ஸ் மிகத் தாழ்ந்த கோணத்திலேயே காட்டினார். அதற்காகத் தளத்தின் தரையே பெயர்க்கப்பட்டது. பேருருவாகத் தெரியும் அம்மனிதனின் தலைக்குமேல் கூரை அழுத்துகிறது. தோல்வி இன்னும் பெரிதாகிறது. ஆகவே கோணத்திற்கு நிலையான அகராதிப் பொருள் இல்லை. காட்சியில் யார், எந்த நிலையில் இருக்கிறார் என்பதே அதன் பொருளை முடிவு செய்கிறது.

மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) இளையோர் பெற்றோருடன் அமர்ந்து பார்க்க வேண்டிய படமாகும். சொக்கலிங்க பாகவதர் நடித்த முதியவர், பாதி எழும்பிய வீட்டைக் காண வந்து அதன் சுவர்களைத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் வசனத்திற்கு வேலையே இல்லை. வீடிழந்த தலைமுறையொன்றைப் பதிவு செய்ய விழைவோருக்கு அக்கையின் அசைவு ஒன்றே பெரும் பாடம்.

இவற்றைப் பின்பற்றப் பெருஞ்செலவு தேவையில்லை. விலையுயர்ந்த கருவிகளையும் ட்ரோன்களையும் வாங்கித் தரும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கோயில் தேர்த்திருவிழாவை ட்ரோனில் எடுத்தால் தேர் தீப்பெட்டியளவில் தெரியும். வடம் பிடிப்பவரின் முகம் தெரியாது. இடத்தை அறிமுகப்படுத்த அத்தகைய தொலைவுக்காட்சி ஒன்று போதும். பின்னர் இறங்கி வந்து மனிதரைக் காட்ட வேண்டும்.

பாட்டியைப் பதிவு செய்யும்போது கைபேசியை அவருடைய கண்ணுயரத்திற்குத் தாழ்த்தி, அசையாத தாங்கியில் பொருத்துவதே முதற்பணி. முகத்தருகே கொண்டுசென்றால் அதன் அகன்ற வில்லை மூக்கைப் பெரிதாக்கி முகத்தைத் திரித்துவிடும். ஐந்தாறு அடி விலகியிருப்பது நன்று. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். கேள்வி கேட்பவர் கேமராவை ஒட்டி அமர்ந்தால் பாட்டி கருவியிடம் பேசாமல் பேரனிடம் பேசுவார். அவருடைய கைகள், மூக்குக்கண்ணாடி, அலமாரியில் உள்ள பழைய படம் ஆகியவற்றை அண்மைக்காட்சிகளாகத் தனியே எடுத்து வைத்தால், பேச்சை வெட்டி இணைக்கும் இடங்களில் அவை உதவும்.

அவர் பேசி முடித்தவுடன் பதிவை நிறுத்துவோர் பலர். மேலும் பத்து விநாடிகள் கேமரா ஓடட்டும். பேச்சில் வராதது சில வேளைகளில் அப்போதுதான் முகத்தில் வரும்.