கண்ணீரும் குவளையும்

தோழா!

கோவையிலே வெரைட்டி ஹால் சாலை என்றொரு வீதி உண்டு, அறிவாய். அந்தப் பெயருக்குரிய அரங்கத்தை 1914-இல் எழுப்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். இரயில்வேயிலே வரைபடம் தீட்டிக்கொண்டிருந்தவர். 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமும் கையுமாக ஊரூராய்ச் சென்றவர். வெள்ளைத் துணியிலே விழுந்த நிழலைக் கண்டு மக்கள் சிரித்தனர், சிலிர்த்தனர், அழுதனர்!

நிழல் என்று அறிவு சொல்கிறது. ஆயினும் நெஞ்சு நெகிழ்கிறதே, ஏன்?

பழைய கேள்வி இது. உணர்ச்சியைக் கிளறி அறிவை மயக்குபவர் என்று கவிஞரைத் தன் இலட்சிய நகருக்கு வெளியே நிறுத்தினான் பிளேட்டோ. அவனிடம் பயின்ற அரிஸ்டாட்டிலோ, துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி உள்ளத்தைத் தெளிவிக்கிறது என்றான். அப்பாஸ் தொடுத்த வழக்கிலே 1970-இல் நம் உச்சநீதிமன்றம், ஏனைய கலைகளைக் காட்டிலும் ஆழமாக உணர்ச்சியைத் தூண்டவல்லது திரைப்படம் என்று கூறியே, அதற்குத் தணிக்கை தகும் என்றது.

அத்தனை ஆற்றல் வாய்ந்ததா கண்ணீர்? கேள், தோழா, நான் கண்டதை!

சென்ற மாதம் கொங்குச் சிற்றூர் ஒன்றிலே நாடகம் நடத்தினோம். தாகத்தால் தவிக்கும் பண்ணையாள் மகனுக்குத் தண்ணீர் மறுக்கப்படும் காட்சி. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். வென்றுவிட்டோம் என்று பூரித்தேன்!

விடிந்தது. தேநீர்க் கடைக்குச் சென்றோம். எனக்குக் கண்ணாடித் தம்ளர். பண்ணையாள் மகனாக நடித்த தம்பியோ பக்கத்துச் சேரியைச் சேர்ந்தவன். அவனுக்குக் காகிதக் கோப்பை! இரவெல்லாம் அழுத பெரியவர் அதே பலகையிலே அமர்ந்திருந்தார். பார்த்தார். தம் தேநீரைப் பருகினார்.

நயவஞ்சகரா அவர்? அல்லர். இரவிலே வடித்தது மெய்யான கண்ணீர்தான். பின் எங்கே போயிற்று அது?

நாம் நடத்தியது மூன்று மணி நேர நாடகம். அந்தக் கடை நடத்துவது நாள்தோறும் நாடகம்! அனுமதிச்சீட்டு இல்லை, திரை விழுவதும் இல்லை. கொட்டாங்கச்சி போய் இரட்டைக் குவளை வந்தது. குவளை போய்க் காகிதம் வந்தது. கதை மட்டும் மாறவில்லை. மொழியைப் போலவே அருவருப்பையும் பழகிக்கொள்கிறது குழந்தை. உணர்ச்சியை ஊட்டுவது கலை மட்டுமன்று, தோழா. சமுதாய அமைப்பும் ஊட்டுகிறது!

கோவையிலே படமெடுத்து வந்த ஜூபிடர் நிறுவனத்தார் 1949-இல் அண்ணாவின் 'வேலைக்காரி'யை வெளியிட்டனர். கொட்டகை கொள்ளாத கூட்டம்! வேலைக்காரி அமிர்தத்துக்காக உருகியோர் எத்தனை பேர்! அவர்களுள் தம் வீட்டு வேலைக்காரியின் கூலியை உயர்த்தியோர் எத்தனை பேர்?

அதனால் கலை வீண் என்கிறேனா? இல்லை. கவலை ஓட்டி நீரிறைத்த பூமி இது. இறைத்த நீருக்கு வாய்க்கால் வேண்டும். இன்றேல் கிணற்றடியிலேயே சேறாகித் தேங்கும். கலை இறைக்கிறது. அமைப்புத்தான் வாய்க்கால். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு 1950-இல் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கடைப் பாத்திரத்திலே பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கிய சட்டம் 1955-இல் வந்தது. வெட்டிய வாய்க்கால் உண்டு. தூர் வாரத்தான் ஆளில்லை!

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அழுகையோடு நின்றாரில்லை, வெகுளியையும் வைத்தார். குடிகளை வருத்தும் கொடுமையிலிருந்து பிறப்பது அது என்றும் உணர்த்தினார். அழுதவன் வீடு திரும்பிவிடுவான். வெகுண்டவன்தான் கேள்வி கேட்பான்.

அன்று நான் கேட்டேனா என்கிறாய். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் காகிதக் கோப்பையிலே கொடுங்கள்" என்றேன். கடை அமைதியாயிற்று. அவ்வளவுதான், உலகம் புரண்டுவிடவில்லை. ஆனால், பெரியவர் தலைகுனிந்தார்.

நாளைக் காலை நீயும் தேநீர்க் கடைக்குச் செல்வாய். உன் கையிலே இருப்பது என்ன, அடுத்தவன் கையிலே இருப்பது என்ன என்று பார். வேறுபாடு கண்டால் வாய் திற, தோழா! நாடகத்தின் அடுத்த காட்சி அங்கேதான்!