மண்ணுக்குள் நாணயம், மனத்துக்குள் அச்சம்

உலோகத்தைக் கண்டறியும் கருவியொன்றுடன் அறுவடை முடிந்த வயல்களில் பழைய நாணயங்களைத் தேடித் திரிவது பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கானோரின் ஓய்வுநாள் பொழுதுபோக்காகும். அதே கருவியை நமது நாட்டு மக்கள் இரண்டு இடங்களிலேயே பெரிதும் கண்டிருக்கின்றனர். ஒன்று, வடக்கு, கிழக்கில் கண்ணிவெடி அகற்றுவோரின் கைகளில். மற்றையது, இரவோடிரவாகப் புதையல் தோண்டச் சென்று பொலிஸாரிடம் சிக்கியவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட பொருட்களின் நடுவில். ஒரே கருவி ஒரு தேசத்தில் வரலாற்றுக்குத் துணையாகவும் இன்னொரு தேசத்தில் வரலாற்றுத் திருட்டுக்கு ஆயுதமாகவும் இருப்பது ஏன் என்பது சிந்திக்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

பிரித்தானியர் நம்மைவிட நேர்மையானவர்கள் என்பது இதற்கு விடையல்ல. அங்குள்ள சட்டமே நேர்மையை இலாபகரமானதாக்கியுள்ளது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 1996 ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன், வெள்ளி நாணயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கிடைத்தால் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அரும்பொருட்காட்சியகம் அவற்றைப் பெற விரும்பினால் சந்தை விலைக்கு ஈடான தொகை வழங்கப்பட்டு, கண்டெடுத்தவருக்கும் காணி உரிமையாளருக்கும் பகிரப்படும். காணி உரிமையாளரின் அனுமதியின்றித் தேடுவதற்கோ, பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்துவதற்கோ இடமில்லை. புதையல் என்ற வரையறைக்குள் வராத சிறு பொருட்களையும் மக்கள் தாமாகவே முன்வந்து பதிவு செய்வதற்குத் தனியான திட்டமொன்று உண்டு. அதில் 15 இலட்சத்துக்கும் அதிகமான பொருட்கள் இதுவரை பதிவாகியுள்ளன.

இதன் பயனை 2010 ஆம் ஆண்டில் சொமர்செற் மாவட்டத்தின் புரூம் நகருக்கு அண்மையில் உலகம் கண்டது. அங்கு கருவியின் ஒலியைக் கேட்டுத் தோண்டத் தொடங்கிய ஒருவர், மட்பாண்டத்தின் வாயைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். தொல்லியலாளர்கள் அடுக்கடுக்காக அகழ்ந்தெடுத்தபோது ஏறத்தாழ 160 கிலோகிராம் எடையுள்ள 52,503 உரோம நாணயங்கள் வெளிப்பட்டன. பாண்டம் இத்தனை பாரத்தைத் தாங்கிச் சுமந்து வரப்பட முடியாதபடி மெல்லியதாக இருந்தமையால், அது முதலில் மண்ணில் வைக்கப்பட்டுப் பின்னரே நிரப்பப்பட்டது என்பதும் தெளிவாகியது. நாணயங்களை அள்ளிச் சாக்கில் போட்டிருந்தால் இந்த உண்மை என்றென்றைக்கும் அழிந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான சம்பவம் 2015 இல் ஹெரபோர்ட்ஷயரில் நிகழ்ந்தது. அங்கு இருவர் கண்டெடுத்த புதையலில் சுமார் 300 நாணயங்கள் இருந்ததாக நம்பப்படுகிறது. அவர்கள் அதை மறைத்து விற்க முற்பட்டனர். 2019 இல் ஒருவருக்குப் பத்து ஆண்டுகளும் மற்றவருக்கு எட்டரை ஆண்டுகளும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது பின்னர் குறைக்கப்பட்டது. ஆயினும் வழக்கு முடிந்தபோது மீட்கப்பட்டிருந்தவை முப்பது நாணயங்கள் வரையில்தான். அவற்றுள் சில, வெசெக்ஸ் மன்னன் அல்பிரெட்டும் மெர்சியாவின் மன்னன் செயொல்வுல்பும் சரிநிகராக அருகருகே அமர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. அல்பிரெட்டின் தரப்பில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்போ செயொல்வுல்பை அறிவற்ற சேவகன் என்று ஒதுக்கிவிட்டிருந்தது. வென்றவர் எழுதிய ஏடு மறைத்ததை மண்ணுக்குள் கிடந்த நாணயம் சொல்லியிருக்கிறது.

இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் மக்கள் ஆழ்ந்து கவனிக்க வேண்டிய இடம் இதுவேயாகும். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் நந்தி உருவத்துடன் 'சேது' என்ற தமிழ் எழுத்துப் பொறித்து நாணயம் வெளியிட்டனர். தெற்கே திஸ்ஸமகாராமைக்கு அண்மையிலுள்ள அக்குறுகொடவில் கிடைத்த மிகப் பழைய நாணயங்களில் தமிழ்ப் பெயர்கள் வாசிக்கப்பட்டுள்ளன. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை முறையான அகழ்வாய்வில் பெறப்பட்டவையல்ல. ஊரவர் கைகளிலிருந்தும் சேகரிப்பாளரிடமிருந்தும் வந்தவையாதலால், எந்த மண்ணடுக்கில் எவற்றுடன் கிடந்தன என்று உறுதியாகக் கூற இயலாதிருக்கிறது. சாட்சி இருந்தும் சாட்சியத்தின் பலம் குறைந்துவிட்டது.

1961 ஆம் ஆண்டில் தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் பாறைத்திட்டுக்கு அருகே சுழியோடிகள் கண்டெடுத்த வெள்ளி நாணயங்களின் கதை வேறு. முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரில் சூரத்தில் அச்சிடப்பட்ட அவை, பை பையாகக் கட்டப்பட்ட வடிவிலேயே இறுகிக் கிடந்தன. அனைத்தும் ஹிஜ்ரி 1113 ஆம் ஆண்டுக்குரியவை. அக்கண்டுபிடிப்பு பகிரங்கமாக்கப்பட்டு ஆராயப்பட்டமையால், 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கடற்பாதையில் நிகழ்ந்த வாணிபத்துக்கு அவை அசைக்க முடியாத சான்றாயின.

நமது சட்டம் கடுமையானதுதான். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்களாகும். தனது சொந்தக் காணியில்கூட அனுமதிப்பத்திரமின்றி அவற்றைத் தேடித் தோண்ட எவருக்கும் உரிமையில்லை. இதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் கிணறு வெட்டும்போதோ தோட்டம் கொத்தும்போதோ தற்செயலாக நாணயமொன்றைக் கண்டெடுக்கும் விவசாயி அதை ஏன் மறைக்கிறார் என்று எவராவது வினவியதுண்டா?

தண்டனைக்கு அஞ்சி மட்டும் அவர் மறைப்பதில்லை, காணி பறிபோகும் என்றே அஞ்சுகிறார். குருந்தூர்மலையிலும் கூரகலவிலும் எழுந்த சர்ச்சைகளை அவர் அறிவார். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்துக்கென நியமிக்கப்பட்ட தொல்பொருள் மரபுரிமைச் செயலணியில், தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணமாக அது இருந்தும், ஆரம்பத்தில் அச்சமூகங்களைச் சேர்ந்த ஒருவர்தானும் இடம்பெறவில்லை என்பதையும் அவர் மறக்கவில்லை. தொல்பொருள் என்ற சொல்லே எல்லைக்கல்லாக ஒலிக்கும் சூழலில், கண்டெடுத்த நாணயம் திணைக்களத்துக்குப் போவதில்லை. அது உலையில் உருகுகிறது, அல்லது வியாபாரியின் கைமாறிக் கடல் கடந்துவிடுகிறது. இழப்பு அந்த விவசாயிக்கு மட்டுமன்று, அவருடைய சமூகத்தின் வரலாற்றுக்கும்தான்.

பிரித்தானியாவைப் போன்று எவரும் கருவியுடன் வயலில் இறங்க அனுமதிக்க வேண்டுமென நாம் வாதிட வரவில்லை. அதற்கான கட்டமைப்பு இங்கில்லை. போர் நடந்த பிரதேசங்களில் கருவி ஒலிக்கும் இடத்தில் இருப்பது நாணயமா வெடிபொருளா என்று தோண்டும் வரை தெரியாது. ஆனால் அங்குள்ள அடிப்படைத் தத்துவம் நமக்கும் பொருந்தும். தற்செயலாகக் கண்டெடுத்து அறிவிப்பவருக்குத் தாமதமின்றி நியாயமான வெகுமதி வழங்கப்பட வேண்டும். அவ்வாறு அறிவித்த காரணத்தால் மட்டும் காணி உரிமை பாதிக்கப்படாது என்பது எழுத்துமூலம் உறுதிப்படுத்தப்பட வேண்டும். பிரதேச செயலக மட்டத்தில், அவ்வப்பகுதி மக்களின் மொழி தெரிந்த அலுவலர்களும் யாழ்ப்பாண, கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத்துறையினரும் இப்பதிவுப் பணியில் இணைத்துக்கொள்ளப்பட வேண்டும்.

அரசு அசையும்வரை நாம் வாளாவிருக்கவும் முடியாது. நாணயம் தென்பட்டால் மேலும் தோண்டாதிருப்பதும், தேய்த்துக் கழுவாதிருப்பதும், கிடந்தபடியே புகைப்படம் எடுத்து இடத்தைக் குறித்து வைத்து உடனே அறிவிப்பதும் நம் ஒவ்வொருவரதும் கடமையாகும். எங்கே கிடந்தது என்ற குறிப்பில்லாத நாணயம் வெறும் உலோகத்துண்டு. அந்தக் குறிப்புடன் பாதுகாக்கப்படும் நாணயமோ, இம்மண்ணில் யார் யார் வாழ்ந்தார்கள் என்ற கேள்விக்கு எந்தச் செயலணியாலும் மறுக்க முடியாத விடையாக அமையும்.